நைஸ் 19 கொடுத்தும் பாதிச் செயலி (சிபியூ) நேரம் போய்விடுகிறது: இயங்குதளம் எந்தக் கணக்கில் பங்கு பிரிக்கிறது?

ஏட்டுச்சுருள் எழுதியது:

வணக்கம். இரண்டு வாரமாக விடை காண முடியாத ஒரு சிக்கலை உங்கள் முன் வைக்கிறேன். என் தாத்தா சேர்த்து வைத்த பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் டெசராக்ட் நிரல் மூலம் உரையாக மாற்றும் வேலையில் இறங்கியிருக்கிறேன். ஏறத்தாழ 4,000 பக்கங்கள் உள்ளன. தாள் பழுப்பேறி, அச்சு மங்கியிருப்பதால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நேரம் பிடிக்கிறது. அதனால் இந்த வேலையை இரவு பகலாகப் பின்னணியில் ஓடவிட்டிருக்கிறேன். இதற்கென வேறு கணினி இல்லை. அலுவலகப் பணிக்கான சி++ நிரலையும் இதே மடிக்கணினியில்தான் எழுதிக் கம்பைல் செய்கிறேன் (இயந்திர மொழிக்கு மாற்றுகிறேன்).

கணினியில் இரண்டு கோர்கள் உள்ளன. ஹைப்பர்த்ரெடிங் இருப்பதால் இயங்குதளம் அவற்றை நான்கு சிபியூவாகக் காண்கிறது. டெபியன் 12 லினக்ஸ் நிறுவியிருக்கிறேன். ஒரு டெர்மினலில் நான்கு டெசராக்ட் ஒரே சமயத்தில் ஓடும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி, அதை நைஸ் (நிரலின் முன்னுரிமையைக் குறைக்கும் கட்டளை) 19 கொடுத்துத் தொடங்குகிறேன். இன்னொரு டெர்மினலில் வழக்கம்போல நான்கு வேலைகள் இணையாக ஓடும்படி, கம்பைலை நடத்தும் மேக் கட்டளையைக் கொடுக்கிறேன். நைஸ் 19 என்பது மிகக் கடைசி முன்னுரிமை என்றும், வேறு யாருக்கும் செயலி தேவைப்படாதபோதுதான் அந்த நிரலுக்கு நேரம் கிடைக்கும் என்றும் படித்திருக்கிறேன்.

நடப்பதோ வேறு. டெசராக்ட் ஓடாதபோது 6 நிமிடம் 40 நொடியில் முடியும் கம்பைல், அது ஓடும்போது 14 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. ஓடும் நிரல்களின் செயலிப் பங்கைக் காட்டும் டாப் கட்டளையில் பார்த்தால் நைஸ் நெடுவரிசையில் 19 என்று சரியாகவே காட்டுகிறது. ஆனாலும் மொத்தச் செயலி நேரத்தில் பாதியை டெசராக்ட் எடுத்துக்கொள்வது கண்ணுக்குத் தெரிகிறது. நான் நைஸைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா, அல்லது இயங்குதளம் அதை மதிப்பதில்லையா? கட்டளையை மட்டும் சொல்லாமல், இந்தப் பங்கீடு எப்படி நடக்கிறது என்பதையும் யாராவது விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

நிரலோடி எழுதியது:

நண்பரே, கேள்வியோடு அளவுகளையும் கொடுத்திருப்பதால் விடை தேடுவது எளிதாகிறது. முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்கள் கணக்குக்கு வருவோம்.

ஒரு சிபியூவில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் (நிரலின் ஓர் ஓட்ட இழை) ஓட முடியும். நூறு நிரல்கள் ஒன்றாக ஓடுவதுபோல் நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், இயங்குதளத்தின் மையமான கெர்னல் அவற்றை மிக வேகமாக மாற்றி மாற்றி ஓட்டுவதுதான். ஆனால் ஒரு நிரல் செயலியில் ஓடிக்கொண்டிருக்கும்போது கெர்னல் அங்கே ஓடவில்லை. அப்படியானால் அந்த நிரலிடமிருந்து செயலியைத் திரும்ப வாங்குவது யார்? வன்பொருளில் உள்ள டைமர்தான். உங்கள் டெபியன் கெர்னலில் அது நொடிக்கு 250 முறை, அதாவது 4 மில்லி நொடிக்கு ஒருமுறை, குறுக்கிட்டுக் கட்டுப்பாட்டைக் கெர்னலிடம் ஒப்படைக்கிறது. அந்தக் கணத்தில், கெர்னலின் நேரம் பிரிக்கும் பகுதியான ஷெட்யூலர் கணக்குப் பார்த்து, ஓடிக்கொண்டிருப்பதையே தொடரவிடுவதா, வேறொன்றை உள்ளே கொண்டுவருவதா என்று முடிவு செய்கிறது. இதைத் தவிர, நிரல் தானாகவே வட்டிலிருந்தோ விசைப்பலகையிலிருந்தோ ஏதேனும் வரும்வரை காத்திருக்க நேர்ந்தால், அப்போதும் செயலியை விட்டுக்கொடுக்கிறது.

இந்தச் சிந்தனைக்கு அறுபது ஆண்டுக்கு மேல் வயதாகிறது. 1961 நவம்பரில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் சிடிஎஸ்எஸ் என்ற காலப்பகிர்வு முறையை ஐபிஎம் 709 கணினியில் செய்து காட்டினார்கள். கொடுத்த நேரத்துக்குள் முடியாத நிரலை ஒரு படி கீழே உள்ள வரிசைக்கு இறக்கி, அங்கே அதற்கு முறை அரிதாக வந்தாலும் வரும்போது கூடுதல் நேரம் கிடைக்கும்படி அவர்கள் வகுத்த ஏற்பாடு இன்றும் பல இயங்குதளங்களில் உருமாறி உயிரோடு இருக்கிறது. குறுகிய வேலையோடு வந்தவர் நீண்ட வேலைக்காரருக்காகக் காத்துக்கிடக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். எது நீண்ட வேலை என்பதைச் சிடிஎஸ்எஸ் தானே ஊகித்துக்கொண்டது. நைஸ் மூலம் அதை நாமே சொல்லிவிடுகிறோம்.

இனி உங்கள் கணினிக்கு வருகிறேன். டெபியன் 12-இல் வருவது 6.1 கெர்னல். அதில் உள்ள ஷெட்யூலரின் பெயர் சிஎஃப்எஸ். இங்கோ மோல்நார் எழுதியது. 2007 அக்டோபரில் வெளியான 2.6.23 கெர்னலில் இடம்பெற்றது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அது ஒரு மெய்நிகர் ஓட்ட நேரத்தைக் குறித்து வைத்து, எவருடைய கணக்கு மிகக் குறைவாக இருக்கிறதோ அவரையே அடுத்து ஓடவிடுகிறது. நைஸ் 0, அதாவது இயல்பான முன்னுரிமை, உள்ள த்ரெட் 10 மில்லி நொடி ஓடினால் அதன் கணக்கில் 10 ஏறும். நைஸ் 19 உள்ளது அதே 10 மில்லி நொடி ஓடினால் ஏறத்தாழ 683 ஏறும். ஏனென்றால் கெர்னலில் ஒவ்வொரு நைஸ் அளவுக்கும் ஓர் எடை உண்டு: நைஸ் 0-க்கு 1024, நைஸ் 5-க்கு 335, நைஸ் 10-க்கு 110, நைஸ் 19-க்கு வெறும் 15. ஒவ்வொரு படிக்கும் எடை ஏறத்தாழ 1.25 மடங்கு மாறும்படி அந்த அட்டவணை அமைக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே நைஸ் 19 உள்ள நிரலுக்கு, மற்றவர் ஓடும்போது நேரமே கிடையாது என்று நீங்கள் படித்தது முழு உண்மை அன்று. அதற்கும் ஒரு சிறு பங்கு உண்டு. ஒரே சிபியூவில் நைஸ் 0 த்ரெட் ஒன்றும் நைஸ் 19 த்ரெட் ஒன்றும் போட்டியிட்டால், 1024-ஐ 1039-ஆல் வகுக்க, முதலாவதுக்கு 98.6 விழுக்காடும் இரண்டாவதுக்கு 1.4 விழுக்காடும் கிடைக்க வேண்டும். புதிய கெர்னல்களில், அதாவது 2023-இல் வந்த 6.6 முதல், சிஎஃப்எஸ்-இன் இடத்தில் ஈஈவிடிஎஃப் என்ற முறை வந்து, அடுத்து யார் என்று தேர்ந்தெடுக்கும் விதம் மாறியிருக்கிறது. எடை அட்டவணை மாறவில்லை.

இந்தக் கணக்குப்படி உங்களுக்குப் பாதி நேரம் போவதற்கு வழியே இல்லை. எனவே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே எழுத்தை முடிவின்றி அச்சிடும் யெஸ் கட்டளையின் வெளியீட்டை, எழுதுவதையெல்லாம் விழுங்கிவிடும் ‘நல்’ என்ற கோப்புக்குத் திருப்பிவிட்டால் அது இடைவிடாமல் செயலியைத் தின்னும். டாஸ்க்செட் மூலம் இரண்டு யெஸ்களையும் 0-ஆவது சிபியூவிலேயே கட்டிப்போட்டு, ஒன்றை நைஸ் 0-இலும் மற்றதை 19-இலும் ஓட்டி, டாப் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். ஒருமுறை இரண்டையும் ஒரே டெர்மினலிலிருந்தும், மறுமுறை இரண்டு டெர்மினல்களிலிருந்தும் தொடங்குங்கள். எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. சோதனைக்குப் பிறகு சொல்கிறேன்.

ஏட்டுச்சுருள் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. எடை அட்டவணை என்ற ஒன்று இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. சோதனையை நேற்றிரவு டெசராக்ட்டை நிறுத்திவிட்டுச் செய்தேன்.

ஒரே டெர்மினலிலிருந்து இரண்டு யெஸ்களையும் பின்னணியில் தொடங்கியபோது, டாப்பில் நைஸ் 0 உள்ளது 98.3 விழுக்காடும் நைஸ் 19 உள்ளது 1.3 விழுக்காடும் காட்டின. நீங்கள் சொன்ன கணக்கு அப்படியே வந்தது. பிறகு இரண்டையும் நிறுத்தி, நைஸ் 0 உள்ளதை ஒரு டெர்மினலிலும் நைஸ் 19 உள்ளதை அடுத்த தாவலிலும் தொடங்கினேன். இரண்டும் 49.8, 49.8 என்று நின்றன. நைஸ் நெடுவரிசையில் ஒன்றுக்கு 0, மற்றதற்கு 19 என்று தெளிவாக இருக்கிறது. பங்கு மட்டும் சரிபாதி. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன், அசையவில்லை. ஜன்னல் வேறு என்பதற்காகக் கணக்கு மாறுவது எனக்குப் புரியவில்லை. இது பிழையா?

கெர்னல்வாசி எழுதியது:

பிழையன்று, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. நிரலோடி அவர்களின் ஐயமும் இதுவாகத்தான் இருக்கும். இதன் பெயர் ஆட்டோகுரூப்.

நம் ஊர்களில் கோயில் திருவிழாவுக்கு வரி போடுவதை நினைத்துப் பாருங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவது ஒரு முறை. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவது இன்னொரு முறை. தலைக்கட்டுக் கணக்கில், வீட்டில் இருவர் இருந்தாலும் பன்னிருவர் இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு ஒரே பங்குதான். லினக்ஸ் கெர்னலும் முதலில் ஆள்கணக்கில், அதாவது த்ரெட் கணக்கில், நேரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு சங்கடம் உண்டு. ஒருவர் 16 த்ரெட்களைத் தொடங்கி, இன்னொருவர் 4 த்ரெட்களைத் தொடங்கினால், எல்லாரும் நைஸ் 0-இல் இருந்தாலும் முதலாமவருக்கு 80 விழுக்காடும் இரண்டாமவருக்கு 20 விழுக்காடும் போய்விடும். கூட்டமாக வருபவருக்கே கூடுதல் பங்கு. பின்னணியில் கெர்னலைப் பல வேலைகளாகப் பிரித்துக் கம்பைல் செய்துகொண்டு, முன்னால் ஒரு படம் பார்க்க முயன்றவர்கள் எல்லாரும் இதனால் அவதிப்பட்டார்கள்.

2010 இறுதியில் மைக் கால்பிரெய்த் இதற்கு ஒரு சிறு திருத்தம் எழுதினார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை வெளிப்படையாகப் பாராட்டினார். 2011 மார்ச்சில் வந்த 2.6.38 கெர்னலில் அது சேர்ந்தது. ஒவ்வொரு செஷனையும் ஒரு குழுவாக்கி, முதலில் குழுக்களுக்கு இடையே நேரத்தைப் பிரித்து, பிறகு ஒவ்வொரு குழுவுக்குள்ளும் த்ரெட்களுக்கு இடையே பிரிப்பதுதான் அதன் வேலை. நீங்கள் ஒரு டெர்மினலையோ தாவலையோ திறக்கும்போது அதில் தொடங்கும், கட்டளைகளை வாங்கும் ஷெல் புதிய செஷன் ஒன்றை உருவாக்குகிறது. அங்கிருந்து ஓடும் அனைத்தும் அந்த ஒரே தலைக்கட்டைச் சேர்ந்தவை.

இப்போது உங்கள் சரிபாதி எப்படி வந்தது என்பது விளங்கும். நைஸ் 19 என்பது குடும்பத்துக்குள் நடக்கும் பாகப்பிரிவினை. டெசராக்ட் இருக்கும் குழுவில் வேறு யாரும் இல்லை. ஆகவே அந்தக் குழுவுக்கு வந்த பங்கு முழுவதும் அதற்கே போகிறது. இரண்டு குழுக்களுக்கும் சம எடை என்பதால், உள்ளே இருப்பவர் 19-ஆக இருந்தாலும் 0-ஆக இருந்தாலும் வெளியில் தெரிவதில்லை. ஷெட்யூலருக்கான கையேட்டுப் பக்கத்திலேயே, நைஸ் அளவு அதே செஷனில் உள்ள மற்றவற்றோடு ஒப்பிடும்போது மட்டுமே பயன் தரும் என்று எச்சரித்திருக்கிறார்கள். ஆனால் நைஸ் கட்டளையின் கையேட்டைத் திறப்பவர் அந்தப் பக்கத்துக்குப் போவதே இல்லை. பல ஆண்டுகளாகப் பலரும் நைஸ் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருக்கிறார்கள். அது ஒன்றுமே செய்யவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இயல்பாகவே செயல்படும் ஒரு வசதி இன்னொரு வசதியைச் சத்தமில்லாமல் செயலிழக்கச் செய்யுமானால், அந்த அறிவிப்பு நைஸ் கையேட்டின் முதல் பத்தியில் இருந்திருக்க வேண்டும்.

தீர்வுக்கு வருகிறேன். ப்ராக் கோப்பகத்தில், உங்கள் டெசராக்ட்டின் ப்ராசஸ் எண்ணைப் பெயராகக் கொண்ட அடைவுக்குள், ஆட்டோகுரூப் என்றொரு கோப்பு இருக்கும். அதைத் திறந்து படித்தால் குழுவின் எண்ணும் அதன் நைஸ் அளவும் ஒரே வரியில் தெரியும். இப்போது நைஸ் 0 என்றிருக்கும். எக்கோ கட்டளை மூலம் அந்தக் கோப்பில் 19 என்று எழுதினால், குழு முழுவதற்குமே எடை 15 ஆகிவிடும். முன்னுரிமையைக் குறைப்பதற்கு ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டியதில்லை. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியாகவே, தன் சொந்த ப்ராசஸின் ஆட்டோகுரூப் கோப்பில் 19 எழுதும்படி வைத்துவிடலாம். ஆட்டோகுரூப் வசதியையே நிறுத்தி வைக்க சிஸ்கண்ட்ரோலில் ஷெட் ஆட்டோகுரூப் எனேபிள்டு என்ற அளவை 0 ஆக்கலாம். அதை நான் பரிந்துரைக்கவில்லை. நீங்கள் பழைய ஆள்கணக்குக்குத் திரும்பிவிடுவீர்கள்.

ஒரு எச்சரிக்கை: சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உங்கள் நிரல்களைச் சிகுரூப்களாக (கெர்னலின் வளக் கட்டுப்பாட்டுக் குழுக்கள்) பிரித்து, அவற்றில் சிபியூ கட்டுப்பாட்டையும் இயக்கியிருந்தால், ஆட்டோகுரூப் அங்கே செல்லாது; சிகுரூப்பின் எடையே செல்லும். அதன் இயல்பளவு 100; 1 முதல் 10,000 வரை வைக்கலாம். அப்போது சிஸ்டம்டி-ரன் கட்டளையில் சிபியூ வெயிட் 1 என்று கொடுத்து டெசராக்ட்டைத் தொடங்க வேண்டும். அங்கும் ஒரே தட்டில் உள்ள குழுக்களுக்கு இடையேதான் ஒப்பீடு நடக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வேகமானி எழுதியது:

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? கம்பைல் வேலைக்கு நிகழ்நேர முன்னுரிமை கொடுத்துவிடுங்கள். சிஎச்ஆர்டி கட்டளையில் ஃபிஃபோ 99 என்று கொடுத்து மேக்கை ஓட்டினால் அதற்கு எதிரே யாரும் நிற்க முடியாது. நான் என் சோதனைக் கணினியில் அப்படித்தான் செய்கிறேன்.

பக்கவாட்டு எழுதியது:

ஷெட்யூலர் பற்றி மேலே எழுதியவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் டெசராக்ட்டோடு மூன்று ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில், கேட்டவர் சொல்லாமல் விட்ட ஒன்று கண்ணில் பட்டது. நான்கு டெசராக்ட் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டெசராக்ட் ஓபன்எம்பி என்ற முறையைப் பயன்படுத்தி, ஒவ்வொரு பக்கத்துக்கும் தானாகவே நான்கு த்ரெட்கள் வரை திறக்கும். டாப்பில் பெரிய எச் அழுத்தி த்ரெட் வாரியாகப் பாருங்கள். நான்கு சிபியூவுக்குப் பதினாறு த்ரெட்கள் முட்டிமோதிக்கொண்டிருக்கும்.

இதில் இரண்டு தீமைகள் உள்ளன. ஒரு பக்கத்தின் நான்கு த்ரெட்களும் ஒன்றுக்கொன்று அடிக்கடி காத்திருந்து சேர்ந்துகொள்ள வேண்டும். காத்திருக்கும் த்ரெட் தூங்காமல் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருப்பதால், டாப் காட்டும் செயலி நேரத்தில் ஒரு பகுதி வெறும் காத்திருப்பாகவே வீணாகிறது. மற்றொன்று, ஆட்டோகுரூப் இல்லாத சூழலில்கூட உங்கள் நைஸ் கணக்கு 1.4 விழுக்காடாக வராது. பதினாறு த்ரெட்களுக்கு எடை 15 வீதம் 240. கம்பைலின் நான்கு த்ரெட்களுக்கு 4096. வகுத்துப் பார்த்தால் டெசராக்ட்டுக்கு 5.5 விழுக்காடு போகும். ஆகவே ஓஎம்பி த்ரெட் லிமிட் என்ற சூழல் மாறியை 1 என்று வைத்துவிட்டு ஸ்கிரிப்ட்டைத் தொடங்குங்கள். பக்கங்கள் தனித்தனியாக இருக்கும்போது, நான்கு பக்கங்களை ஆளுக்கொரு த்ரெட்டில் செய்வதே எல்லா விதத்திலும் சிக்கனமானது.

இவை எல்லாம் செய்த பிறகும் கம்பைல் 6 நிமிடம் 40 நொடிக்குத் திரும்பாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஷெட்யூலர் பிரிப்பது நேரத்தை மட்டுமே. உங்கள் நான்கு சிபியூக்களில் இரண்டிரண்டு ஒரே கோரின் கணக்கிடும் உறுப்புகளைப் பகிர்ந்துகொள்பவை. கம்பைல் ஒரு கோப்புக்காக வட்டில் காத்திருக்கும் இடைவெளியில் டெசராக்ட் உள்ளே வந்துவிடும். வரத்தான் வேண்டும், அதற்காகத்தானே பின்னணியில் வைத்திருக்கிறீர்கள். அப்போது பக்கத்துச் சிபியூவில் ஓடும் கம்பைல் தன் முழு நேரத்தையும் பெற்றிருந்தாலும் அதன் வேகம் குறையும். கேஷ் எனும் அதிவேக நினைவகத்தில் கம்பைல் வைத்திருந்த தரவையும் டெசராக்ட் வெளியேற்றிவிடும். மடிக்கணினி என்பதால் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது: இரவு பகலாக ஓடி ஏற்கெனவே சூடாக இருக்கும் செயலி, உச்ச அதிர்வெண்ணுக்கு ஏற மறுக்கும்.

வெப்பம்தான் உங்கள் தொல்லை என்றால் எடையைக் குறைத்துப் பயனில்லை, உச்சவரம்பு வைக்க வேண்டும். எடை என்பது போட்டி இருக்கும்போது மட்டும் பேசும்; செயலி சும்மா இருந்தால் எடை 15 உள்ளவரும் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். உச்சவரம்பு அப்படியன்று. சிஸ்டம்டியில் சிபியூ கோட்டா 200 விழுக்காடு என்று கொடுத்தால், ஒவ்வொரு 100 மில்லி நொடிக் காலத்திலும் 200 மில்லி நொடிச் செயலி நேரத்தைப் பயன்படுத்திய பிறகு, மற்ற சிபியூக்கள் காலியாக இருந்தாலும் அந்தக் குழு அடுத்த காலம் வரை நிறுத்தி வைக்கப்படும்.

நிரலோடி எழுதியது:

வேகமானி அவர்கள் சொன்ன வழியைக் கேட்டவர் முயன்று பார்க்கும் முன் எழுதிவிட வேண்டும் என்று விரைகிறேன். தயவுசெய்து கம்பைல் வேலைக்கு ஃபிஃபோ முன்னுரிமை கொடுக்காதீர்கள்.

ஃபிஃபோ வகுப்பில் உள்ள த்ரெட்டுக்கு மேலே சொன்ன எடைக் கணக்கு எதுவும் பொருந்தாது. அது தானாக விட்டுக்கொடுக்கும் வரை, அல்லது அதைவிட உயர்ந்த முன்னுரிமை உள்ள ஒன்று எழும் வரை, சிபியூவை விடாது. நான்கு கம்பைலர்கள் நான்கு சிபியூக்களையும் அப்படிப் பிடித்துக்கொண்டால், சுட்டியை நகர்த்தும் நிரலும் கட்டளையை நிறுத்த நீங்கள் அழுத்தும் விசையைப் படிக்கும் நிரலும்கூட வெளியே நிற்கும். கெர்னல் இதை எதிர்பார்த்துத்தான் ஒவ்வொரு நொடியிலும் நிகழ்நேர வேலைகளுக்கு 950 மில்லி நொடி மட்டுமே என்று இயல்பாக ஒரு வரம்பு வைத்திருக்கிறது. மீதி 50 மில்லி நொடியில் உங்கள் மேசைச் சூழல் முழுவதும் பிழைத்துக்கொள்ள வேண்டும். ஒலி அட்டைக்குக் குறித்த நேரத்தில் சில மில்லி நொடித் தரவைக் கொடுத்துவிட்டு உடனே தூங்கப் போகும் த்ரெட்டுக்காக உருவான வசதி அது. ஆறு நிமிடம் இடைவிடாமல் உழைக்கும் கம்பைலருக்கு உரியது அன்று.

முன்னுரிமையைக் கூட்டுவதாலேயே வேலை முந்திவிடும் என்பதும் சரியல்ல. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் சில நாட்களில் தன்னைத்தானே மீண்டும் மீண்டும் ரீசெட் செய்துகொள்ளத் தொடங்கியது. அதில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம். வானிலைத் தரவு சேகரிக்கும் மிகத் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒன்று ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. தரவுத் தடத்தை நிர்வகிக்கும் உயர்ந்த முன்னுரிமைப் பணிக்கு அதே பூட்டு தேவைப்பட்டது. இதற்கிடையில் நடுத்தர முன்னுரிமை உள்ள பணிகள் எழுந்து செயலியைப் பிடித்துக்கொண்டதால், தாழ்ந்த பணி ஓடவும் முடியாமல், பூட்டை விடவும் முடியாமல் நின்றது. அதன் காரணமாக எல்லாருக்கும் மேலே இருந்த பணியும் நின்றது. உயர்ந்த பணி உரிய நேரத்தில் முடியவில்லை என்று கண்ட காவல் டைமர் கணினியை ரீசெட் செய்தது. ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகப் பொறியாளர்கள் பூமியில் இருந்த நகல் கருவியில் அதே நிலையை வரவழைத்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பூட்டைப் பிடித்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதியை அந்தப் பூட்டில் இயக்கும்படி மாற்றம் அனுப்பிய பிறகு ரீசெட் நின்றது. எடைக் கணக்கில் மிகத் தாழ்ந்தவருக்கும் ஒரு சிறு பங்கு கட்டாயம் உண்டு என்று நான் முதலில் எழுதினேன் அல்லவா? அது தவறிப்போய்க் கிடைக்கும் பங்கு அன்று. பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு தாழ்ந்த த்ரெட் என்றாவது ஒருநாள் ஓடி அதை விட்டுவிட வேண்டுமென்றால், அந்த 1.4 விழுக்காடு அதற்குத் தேவை.

ஏட்டுச்சுருள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஃபிஃபோவை முயலவில்லை. மற்றவற்றை ஒவ்வொன்றாகச் செய்து அளந்தேன்.

கெர்னல்வாசி அவர்கள் சொன்ன கோப்பைத் திறந்தபோது ஆட்டோகுரூப் 143, நைஸ் 0 என்று ஒரே வரி இருந்தது. டெசராக்ட் நைஸ் 19-இல் ஓடிக்கொண்டிருக்க, அதன் குழு 0-இல் இருந்ததை அப்போதுதான் கண்ணால் கண்டேன். அங்கே 19 எழுதிய பின் கம்பைல் 7 நிமிடம் 50 நொடியில் முடிந்தது. அடுத்து, பக்கவாட்டு அவர்கள் சொன்னபடி த்ரெட் வாரியாகப் பார்த்தேன். பதினாறு வரிகள் இருந்தன. ஓஎம்பி த்ரெட் லிமிட்டை 1 ஆக்கிய பிறகு கம்பைல் நேரம் 7 நிமிடம் 15 நொடிக்கு வந்தது. நான் எதிர்பாராதது என்னவென்றால், கம்பைல் ஓடாத நேரத்தில் டெசராக்ட்டும் வேகமாகிவிட்டது: முன்பு மணிக்கு 210 பக்கம் முடித்தது இப்போது 340 பக்கம் முடிக்கிறது.

மீதமிருக்கும் 35 நொடிக்குப் பக்கவாட்டு அவர்கள் சொன்ன காரணங்களை ஏற்றுக்கொள்கிறேன். பகலில் விசைப்பலகை சூடாவதால் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை கோட்டா 200 என்றும், இரவில் கோட்டா இல்லாமலும் ஓடும்படி வைத்திருக்கிறேன். ஆட்டோகுரூப் கோப்பில் எழுதும் வரி ஸ்கிரிப்ட்டின் தலையில் இருக்கிறது.

கெர்னல்வாசி எழுதியது:

ஒரு சிறு திருத்தம் மட்டும். கோட்டாவுக்காகப் பகலில் சிஸ்டம்டி வழியாகத் தொடங்கும்போது டெசராக்ட் சிபியூ கட்டுப்பாடு உள்ள சிகுரூப்புக்குள் போய்விடும். ஆகவே பகலில் உங்கள் ஆட்டோகுரூப் வரி வேலை செய்யாது. அதே கட்டளையில் சிபியூ வெயிட் 1 என்பதையும் சேர்த்துவிடுங்கள். சேர்த்த பிறகு, முதல் நாள் செய்த யெஸ் சோதனையை இன்னொருமுறை, இரண்டு டெர்மினல்களிலிருந்தும் செய்து பாருங்கள்.